வேலை ‘கிடைத்த’ பிறகு

தமிழில் வேலை எப்போதும் ‘கிடைக்கிறது’. நியமனம் ‘வருகிறது’. இடமாற்றத்தைப் ‘போட்டுவிடுகிறார்கள்’. இந்த வினைச்சொற்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வேலை செய்யப்போகிறவர் எந்த வாக்கியத்திலும் எழுவாயாக இல்லை. “எனக்கு வேலை கிடைத்தது” என்றால் வேலைதான் எழுவாய். நான் வெறும் நான்காம் வேற்றுமை. எங்கள் ஊர்க் கவலைகளில் பாதி இந்த வேற்றுமைக்குள்தான் அடங்கியிருக்கிறது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மட்டக்களப்பில் ஒரு கலியாண வீட்டுப் பந்தலுக்குள் போய் உட்காருங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயதென்றால் “பெறுபேறு என்ன?” என்று கேட்பார்கள். இருபத்தைந்து என்றால் “நியமனம் கிடைத்ததா?” என்று கேட்பார்கள். “கிடைத்தது, பிரதேச செயலகத்தில்” என்று சொல்லும் தாயின் குரல் கடைசி வரிசை வரை கேட்கும். “கொழும்பில் ஒரு கம்பனியில்…” என்று தொடங்கும் தாயின் குரல் பக்கத்துக் கதிரையைத் தாண்டாது. கம்பனிப் பிள்ளை இரட்டிப்புச் சம்பளம் எடுத்தாலும் அப்படித்தான். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்தப் பழமொழியைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. முப்பது ஆண்டு யுத்தம், நடுவில் ஒரு சுனாமி, ஆண்டு தவறினாலும் தவறாத வெள்ளம் என்று பார்த்த மண்ணில், மாதக் கடைசியில் தவறாமல் வரும் சம்பளமும் அறுபது வயதுக்குப் பிறகு வரும் ஓய்வூதியமும் சிறிய விடயங்கள் அல்ல. ஆனால் நியமனம் வந்த அன்றோடு எல்லாம் முடிந்துவிட்டது என்ற நினைப்பு ஆபத்தானது. நியமனம் வராவிட்டால் எதுவுமே தொடங்காது என்ற நினைப்பு அதைவிட ஆபத்தானது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு நகரில் வீதியோரத்தில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களின் கோரிக்கை நியாயமானது. ஆனாலும் அந்தப் பக்கமாகப் போகும் ஒவ்வொரு முறையும், இந்தக் காத்திருப்பு மாதங்களில் இவர்களின் கைகள் எதைக் கற்றுக்கொள்கின்றன என்ற கேள்வி என்னை உறுத்தும்.

இங்கே சொற்களைக் கொஞ்சம் பிரித்து வைத்துக்கொள்வோம். வேலை என்பது இன்றைய உழைப்பும் இன்றைய கூலியும். உத்தியோகம் என்பது ஒரு கதிரை; நீங்கள் எழுந்து போனால் அடுத்த கிழமை வேறொருவர் அதில் உட்கார்ந்திருப்பார். தொழில் என்பது உங்கள் கைக்குத் தெரிந்தது. எழுந்து போகும்போது உங்களோடு கூடவே வரும். தொழில்வாழ்க்கை என்று நாம் இன்று எழுதும் சொல் இவை மூன்றையும் சேர்த்துக் கட்டியது: முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் நீங்கள் பார்த்த வேலைகள், இருந்த கதிரைகள், நடுவில் விழுந்த இடைவெளிகள் எல்லாம், ஒன்று அடுத்ததற்கு எதையாவது விட்டுச்செல்லும்படி கோக்கப்பட்டிருப்பது. அதை நோக்கத்தோடு கட்டுவது என்றால் பத்து வருடத் திட்டம் எழுதிச் சுவரில் ஒட்டுவது என்று அர்த்தமில்லை. வளைவு வரும்போதெல்லாம், திரும்பும் முன் ஒரு கேள்வி கேட்பதுதான்: இது எனக்கு எதைக் கற்றுத்தரும், எதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளும்?

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. வேலை போன அன்று படித்தேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கல்லடியிலிருந்து கல்முனை தாண்டி வரைக்கும் கரையோரம் முழுக்க அரசசார்பற்ற நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் முளைத்தன. உயர்தரம் முடித்துவிட்டு மாமாவின் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு 2005இல் ஒரு நிறுவனத்தில் கள உத்தியோகத்தர் வேலை கிடைத்தது. கவனியுங்கள், ‘கிடைத்தது’. மோட்டார் சைக்கிள் தந்தார்கள், கழுத்தில் தொங்கவிட அடையாள அட்டை தந்தார்கள், பாடசாலை அதிபர்கள் வாங்குவதைவிடக் கூடுதலான சம்பளமும் தந்தார்கள். இருபத்தொரு வயதுப் பையனுக்கு அவ்வளவு காசு கையில் வந்தால் தலை நேராக நிற்குமா? எனக்கு நிற்கவில்லை. மட்டக்களப்பார் வந்தவரைத் திரும்பிப் போகவிடாமல் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் சொல்வார்கள். எங்களை ஒட்டவைத்தது அந்தச் சம்பளம்.

போர் 2009இல் முடிந்தது. உதவிக் காசு முதலில் வன்னிப் பக்கம் நகர்ந்தது. பிறகு நாட்டைவிட்டே நகர்ந்தது. எங்கள் திட்டம் மூடப்பட்ட நாளில் ஒரு கடிதம் தந்தார்கள், கேக் வெட்டினோம், படம் எடுத்தோம். அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகுதான் போவதற்கு இடமில்லை என்பது உறைத்தது.

எங்களோடு களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்த அக்கா ஒருவர் இருந்தார், திட்டத்தின் கணக்குப் பிரிவில். நாங்கள் வெள்ளி மாலையில் பாசிக்குடாவுக்குப் போக நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கணக்கியல் தொழில்நுட்பவியலாளர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். “இந்தக் காசு நிற்காது தம்பி, இது வெள்ளத் தண்ணீர்” என்பார். நாங்கள் சிரித்தோம். திட்டம் மூடிய இரண்டாவது மாதம் அவர் இன்னொரு நிறுவனத்தின் கணக்கறையில் உட்கார்ந்திருந்தார்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து நண்பனின் கதை வேறு. ஆறு வருடத்தில் தான் ஒன்றுமே கற்கவில்லை என்று அவன் அழாத குறை. உண்மையில் வீடமைப்புத் திட்டத்தில் பொலன்னறுவையிலிருந்து வந்த மேசன்மாரோடு தினமும் கதைத்துக் கதைத்து அவனுக்குச் சிங்களம் சரளமாக வந்திருந்தது. தான் ஒரு மொழி கற்றுக்கொண்டதே அவனுக்குத் தெரியாது! ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் அதைக் கண்டுபிடித்து அவனைத் தன் வேலைத்தளத்துக்குப் பொறுப்பாளாக வைத்தார். தன் கையில் இருப்பதைத் தானே காணாமல் இருப்பது இந்த விடயத்தில் மிகப் பரவலான குருட்டுத்தனம். நானும் அப்படித்தான் இருந்தேன். அறிக்கை எழுதுவதையும் கூட்டத்தில் ஆட்களைப் பேச வைப்பதையும் நான் திறமையாகவே எண்ணவில்லை. இன்று பிள்ளைகளுக்குத் தொழில் வழிகாட்டல் செய்யும் ஒரு சிறிய வேலையில் அந்த இரண்டும்தான் எனக்குச் சோறு போடுகின்றன.

சரி, வேலையில் நிறைவு என்றால் என்ன? காசு வந்தால் நிறைவு வராதா? ஓரளவுக்கு வரும்; பசி உள்ள வீட்டில் நிறைவைப் பற்றி விரிவுரை செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. முதலில் வீட்டுச் செலவைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள்: அரிசி, மீன், மின்சாரம், ரியூசன், அம்மாவின் மருந்து. அந்தத் தொகைக்குக் கீழே போகும் எந்தத் தெரிவும் இப்போதைக்குத் தெரிவே இல்லை. அந்தக் கோட்டுக்கு மேலே வந்த பிறகுதான் அடுத்த கேள்வி.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், மனிதர் ஒரு வேலையை மனமாரச் செய்வதற்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்று பல பத்தாண்டு ஆய்வின் வழியே சொன்னார்கள். தன் வேலையில் தன் சொல்லும் கொஞ்சம் எடுபட வேண்டும். கை தேறிக்கொண்டு வருவதை உணர வேண்டும். உடன் இருப்பவர்களோடு ஒட்டுறவு வேண்டும். எங்கள் மொழியில் சொன்னால்: பிடி, தேர்ச்சி, ஒட்டு. மருதமுனையில் ஒரு கைத்தறி நெசவாளரோடு அரை நாள் உட்கார்ந்திருந்தேன். எந்தக் கரை, எந்த நிறம், எத்தனை மணிக்குத் தொடங்குவது என்பதெல்லாம் அவர் பிடி. முந்திய வருடம் அறுந்த நூல் இந்த வருடம் அறுவதில்லை; அது தேர்ச்சி. நெய்துகொண்டே பக்கத்துத் தறிக்காரரோடு உலகத்தை எல்லாம் கதைக்கிறார், அது ஒட்டு. வருமானத்தில் மட்டும் இழுபறி. வேறொருவருக்கு வருமானம் நன்றாக இருக்கும், பிடி இருக்காது. உங்கள் வேலையில் எது குறைகிறது என்று பெயர் சொல்லத் தெரிந்தால் “எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை” என்ற மொத்தப் புலம்பல் சிறியதாகி, ஒரு குறிப்பிட்ட கேள்வியாக மாறிவிடும்.

அதற்கு நான் சொல்லும் வழி மிகப் பழையது. ஒரு மாதம், இரவு படுக்கும் முன் இரண்டு வரி. இன்று எந்த வேலை செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை? எதைச் செய்யும்போது சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்? முப்பது நாள் கழித்து மொத்தமாக வாசித்துப் பாருங்கள். என்னிடம் வந்த ஆசிரியை ஒருவர் தனக்குப் படிப்பித்தல் பிடிக்கவில்லை என்ற முடிவோடு வந்தார். கொப்பியில் பார்த்தால், வகுப்பறை நேரங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. மணிக்கூட்டைப் பார்த்ததெல்லாம் படிவம் நிரப்பிய நேரங்கள். அவர் வேலையை விடவில்லை.

வேலையை விடாமலே வேலையைத் திருத்த முடியும் என்பதற்கு ஓர் ஆய்வும் உண்டு. ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் எழுதிய கட்டுரையில் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிச் சொன்னார்கள். ஒரே வேலை, ஒரே சம்பளம். சிலர் தரையைத் துடைத்துவிட்டுப் போனார்கள். சிலர் நோயாளியோடு இரண்டு வார்த்தை பேசினார்கள், தாதியின் வேலை தடைப்படாதபடி தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள், தாங்களும் நோய் தீர்க்கும் கூட்டத்தில் ஒருவர் என்று எண்ணினார்கள். எனக்குத் தெரிந்த அரச அலுவலக முகாமைத்துவ உதவியாளர் ஒருவர் இந்த ஆய்வைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். மண்டூர்ப் பக்கமிருந்து படகுப் பாதையில் ஏறி, குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்து வரும் மனிதர் ஒரு பத்திரம் குறைந்ததற்காகத் திரும்பிப் போவதைப் பார்த்து அவருக்கு மனம் பொறுக்கவில்லை. நிரப்பிய மாதிரிப் படிவம் ஒன்றைச் சுவரில் ஒட்டினார், பக்கத்தில் தேவையான பத்திரங்களின் பட்டியல். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அந்தக் கதிரையில் அவருக்கு இருந்த பிடி அவ்வளவுதான். அதை முழுவதும் பயன்படுத்தினார்.

ஆனால் இதை முதலாளிமார் கேட்டுவிட்டு “சம்பளத்தைப் பற்றிப் பேசாதே, மனநிறைவோடு செய்” என்று சொல்லக் கூடாது. ஆகவே இதையும் சேர்த்தே சொல்கிறேன்: தனியார் வேலைக்குப் போகும் பிள்ளைகள் முதல் நாளே ஊழியர் சேமலாப நிதியத்தைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டப்படும். முதலாளி தன் பங்குக்கு 12 சதவீதம் போட வேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு அவரே 3 சதவீதம் கட்ட வேண்டும். சேமலாப நிதியச் சட்டம் 1958இலேயே வந்தது; நம்பிக்கை நிதியச் சட்டம் 1980இல் வந்தது. தனியார் துறையில் முதுமைக்கு ஒன்றுமே இல்லை என்பது முழு உண்மையல்ல. அது மாதாமாதம் வரும் ஓய்வூதியம் ஆகாது, மொத்தமாக வரும் சேமிப்பு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்து தெரிவு செய்வது வேறு, அறியாமல் பயப்படுவது வேறு.

மட்டக்களப்பு, அம்பாறை என்ற எங்கள் மாவட்டங்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. இங்கே வீடு பெண் பிள்ளைக்கு. தமிழரிலும் சரி, முஸ்லிம்களிலும் சரி, கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வெளி நூல்களில் எழுதப்படும் தொழில் ஆலோசனைகள் எதிலும் இந்தக் கணக்கு இல்லை. எத்தனை அண்ணன்மாரின் தொழில்வாழ்க்கை தங்கச்சியின் வீட்டு அத்திவாரத்தில் தொடங்கியிருக்கிறது! கத்தாருக்கும் சவூதிக்கும் போனவர்களிடம் ஏன் போனீர்கள் என்று கேட்டால் “கூரை போட” என்பார்கள். இது கடமை, இதைத் தூக்கி எறி என்று நான் சொல்ல மாட்டேன். போகும்போது எத்தனை வருடம், எந்த வேலை கற்று வருவேன் என்ற இரண்டையும் சொல்லிவிட்டுப் போ என்பேன். கணக்கில்லாமல் போனவர்கள் கூரை போட்ட பிறகு மதில், மதிலுக்குப் பிறகு மேல்மாடி என்று பதினைந்து வருடம் இருந்துவிட்டு வருகிறார்கள்.

அப்படி வந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. எட்டு வருடம் குழாய் வேலையோ மின்சார வேலையோ செய்துவிட்டு ஒரு கடதாசியும் இல்லாமல் வந்திருந்தால், முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற முறையில் தங்கள் திறமையைச் செய்து காட்டி, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறலாம். திரும்ப வகுப்பில் உட்காரத் தேவையில்லை. அந்தத் தகைமைக்கு ஏழு மட்டங்கள் உண்டு. ஏழாவது பட்டத்துக்குச் சமம். உயர்தரத்தில் தவறியவர்களுக்கும் அதே ஏணிதான்.

பெண்களுக்கு அதே வழக்கம் வேறு விதமாக வேலை செய்கிறது. தாய் பக்கத்திலேயே இருப்பதால் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போக முடிகிறது. வேறு ஊர்ப் பெண்கள் பலருக்கு இல்லாத வசதி இது. ஆனால் தூரத்து இடமாற்றம் வந்தால் எல்லாம் குலைந்துவிடும். ஆகவே உள்ளூரிலேயே வளரக்கூடிய தொழில் எது என்பது எங்கள் பெண் பிள்ளைகளுக்கு ஆடம்பரக் கேள்வி அல்ல.

பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சுருக்கமாக. அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய தகுதிப்படி, 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தக் கடைசிப் பட்டியலிலும் உண்டு. வெட்டுப்புள்ளி என்பது எத்தனை இடம், எத்தனை பேர் என்ற கணக்கின் விளைவு. புள்ளி தசமத்தில் தவறியவர் மருத்துவத்துக்குத் தகுதியற்றவர் என்று அது சொல்லவில்லை. தாண்டியவர் மருத்துவராக இருக்க விரும்புவார் என்றும் சொல்லவில்லை.

நேர்கோட்டில் போகாத தொழில்வாழ்க்கைக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. காரைதீவில் 1892இல் மயில்வாகனன் என்ற பிள்ளை பிறந்தது. ஆசிரியப் பயிற்சி பெற்றார். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா எடுத்தார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பரீட்சையில் தேறினார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார், மானிப்பாயில் அதிபரானார், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். அதன் பிறகு எல்லாவற்றையும் விட்டு இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியானார். அந்தக் காலத்துக் கலியாணப் பந்தலில் இதைச் சொல்லியிருந்தால் “படித்த பிள்ளை, இப்படிப் போய்விட்டதே” என்றுதான் சொல்லியிருப்பார்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1947இல் பழந்தமிழ் இசையை ஆராயும் யாழ் நூல். நரம்பின் அதிர்வைக் கணக்கிடும் பௌதிகமும் சிலப்பதிகாரத்தை வரி வரியாக வாசிக்கும் புலமையும் ஒரே தலையில் இல்லாவிட்டால் அந்த நூலை எழுதியிருக்க முடியாது. அவர்தான் சுவாமி விபுலாநந்தர். அவருக்குச் சிலை வைத்தோம், மாலை போடுகிறோம். அவர் தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்தவர் என்பதை, பிள்ளை தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி, “எனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லையே, என்ன செய்வது?” யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, செய்துதான் கண்டுபிடிக்க முடியும். அறுகம்பையில் சுற்றுலாத் தொழில் செய்ய ஆசை என்றால் சீசன் நேரத்தில் ஒரு விடுதியில் இரண்டு கிழமை பாத்திரம் கழுவிப் பாருங்கள். தாதியாக ஆசை என்றால் ஒரு தாதியிடம் போய், சேவையின் மகத்துவத்தைக் கேட்காமல், போன செவ்வாய்க்கிழமை காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். தொழிலின் பெயரில் நாம் மயங்குகிறோம், வாழப்போவது செவ்வாய்க்கிழமைகளில்.

போன மாதம் என் தங்கச்சியின் மகன் வந்தான். உயிரியல் பிரிவில் இரண்டு தடவை எழுதிவிட்டான்; மூன்றாவதுக்கு ரியூசன் போகிறான். தாய் அனுப்பித்தான் வந்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது. கொப்பி கொடுத்து இரண்டு வரி எழுதச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்திருந்தான். பௌதிகத்தைப் பற்றி ஒன்றும் இல்லை, இரசாயனத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. வாழைச்சேனையில் சித்தப்பா படகு எஞ்சின் திருத்தும் கொட்டிலில் இருந்த மாலைகள் மட்டும் பக்கம் பக்கமாக இருந்தன: எந்த எஞ்சின், என்ன சத்தம், எது தேய்ந்திருந்தது, மாலை ஆறு மணி எப்படி வந்தது என்றே தெரியவில்லை.

“அடுத்த வருடம் இதே மாதம் உன் கைக்கு இப்போது தெரியாத எது தெரிந்திருக்க வேண்டும்?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். “ஓர் எஞ்சினை முழுவதும் கழற்றி, தனியே பூட்டத் தெரிய வேண்டும், மாமா. சித்தப்பா பக்கத்தில் இல்லாமல்.” பிறகு, “தொழில்நுட்பக் கல்லூரியில் எந்த மாதம் ஆட்களை எடுக்கிறார்கள்?” என்றான்.

சொன்னேன். எழுதிக்கொண்டான். எழும்பிப் போகாமல் அப்படியே இருந்தான்.

“சித்தப்பாவிடம் நான் கதைக்கிறேன். அம்மாவிடம் யார் சொல்வது?”

“ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறேன்” என்றேன். “மீன் வாங்கி வைக்கச் சொல்லு. சாப்பிட்ட பிறகு கதைப்போம்.”